அணைக்கட்டின் அடியில் கசியும் நீர்: கணக்கு பிசகும்போது எங்கே பார்ப்பது?

மணல் மேல் கட்டிய அணைக்கட்டு இரண்டு வழிகளில் சாகிறது. ஒன்று, அடியில் நுழைந்த நீர் தளத்தைத் தூக்கி உடைக்கிறது. மற்றொன்று, கீழ்நீர்ப் பக்கத்தில், அதாவது ஆறு பாய்ந்து போகும் பக்கத்தில், வெளியேறும் நீர் மண்துகளைத் தன்னோடு அள்ளிச் சென்று, தளத்தின் அடியில் சுரங்கம் பறிக்கிறது. முதலாவதற்கு மேல்நோக்கு அழுத்தக் கணக்கு, இரண்டாவதற்கு வெளியேறு சரிவுக் கணக்கு, அதாவது நீர் வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு மீட்டர் வழிக்கும் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு. இரண்டும் ஒரே கசிவின் இரு முகங்கள்தான். ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுவதுண்டு என்பதைப் பலர் தாமதமாகவே கவனிக்கிறார்கள்.

என் கைக்கு வந்த கணக்குத் தாள்களில் சூத்திரம் தவறாக இருந்தவை மிகக் குறைவு. பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே வேர்தான்: உயரத்தையும் ஆழத்தையும் எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதில் தடுமாற்றம். கீழே வரும் அறிகுறிகளைப் படிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள்.

எல்லா எடுத்துக்காட்டுகளுக்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். தளத்தின் நீளம் 24 மீட்டர். இரு முனைகளிலும் தளத்தின் மேல்மட்டத்திலிருந்து 3 மீட்டர் ஆழத்துக்கு ஷீட் பைல், அதாவது நீரைத் தடுக்க மண்ணுக்குள் செங்குத்தாக இறக்கிய தகட்டுச் சுவர். தளத்தின் கனம் தற்காலிகமாக 1 மீட்டர். மேல்நீர்ப் பக்கம் 4 மீட்டர் நீர் நிற்கிறது. கீழ்நீர்ப் பக்கம் தளமட்டம் வரை மட்டுமே நீர். அடியில் மெல்லிய மணல், அதாவது நுண்துகள் மணல். கான்கிரீட்டின் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) 2.24. தளத்துக்கு மிகக் கடுமையான நிலைகளில் இது ஒன்று: மதகுகள் மூடியிருக்க, கீழே எதிர்த்து அழுத்த நீர் இல்லை.

அறிகுறி: அழுத்த விழுக்காடு நூறைத் தாண்டுகிறது, அல்லது ஒன்றுக்கும் கீழே விழுகிறது

இது கால்குலேட்டர் செய்த வேலை. விழுக்காடு என்பது, மொத்த நீர்மட்ட வேறுபாட்டில் அந்தப் புள்ளியில் எஞ்சியிருக்கும் பங்கு. இந்தியப் பொறியாளர் கோஸ்லாவின் பெயரால் வழங்கும் கசிவுக் கணக்கு முறையில் முதலில் தள நீளத்தைப் பைலின் ஆழத்தால் வகுக்கிறோம், அது ஆல்ஃபா. அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மேலும் 1 கூட்டி, இரண்டால் வகுத்தால் லாம்டா. நம் அமைப்பில் ஆல்ஃபா 8, லாம்டா 4.53. கீழ்நீர்ப் பக்கப் பைல் தளத்தைச் சந்திக்கும் உள்மூலையில், லாம்டாவிலிருந்து 2 கழித்து லாம்டாவால் வகுத்த எண்ணுக்கு நேர்மாறு கொசைன் காண வேண்டும். அது 56.04 பாகை. பாகையில் கிடைத்ததை 180ஆல் வகுங்கள். ரேடியனில் கிடைத்ததைப் பை மதிப்பால் வகுங்கள். இரண்டிலும் 31.1 விழுக்காடு வரும். பாகையை எடுத்துப் பையால் வகுத்தவருக்கு 1784 விழுக்காடு வரும்; ரேடியனை 180ஆல் வகுத்தவருக்கு அரை விழுக்காடு வரும்.

முதல் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது ஆபத்தானது. அழுத்தமே இல்லை என்ற பொய்யான நிம்மதியைத் தந்து, மெல்லிய தளத்தை வரையச் செய்துவிடும்.

அறிகுறி: பிளை முறையில் ஓர் எண், கோஸ்லா முறையில் அதைப்போல் இரு மடங்கு

இதில் நீங்கள் பிழை எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இரு முறைகளும் நீரைப் பற்றி வெவ்வேறாக நினைக்கின்றன.

1910இல் பிளை என்ற பொறியாளர் முன்வைத்த கருத்தின்படி, நீர் கட்டுமானத்தின் அடிப்பரப்பை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது; ஊர்ந்த ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவு அழுத்தத்தை இழக்கிறது. செங்குத்தாக இறங்கி ஏறுவதும் கிடையாகப் போவதும் அவருக்கு ஒன்றுதான். நம் அமைப்பில் ஊர்வழியின் நீளம் 24 + 6 + 6 = 36 மீட்டர். கடைசிப் பைலின் உள்மூலைக்கு வரும்போது எஞ்சிய வழி 6 மீட்டர். ஆக எஞ்சிய அழுத்தம் 16.7 விழுக்காடு, அதாவது 0.67 மீட்டர் நீர். அதே மூலைக்குக் கோஸ்லா தருவது 31.1 விழுக்காடு, 1.24 மீட்டர் நீர்.

நடுவில் 1935இல் வந்த லேன் என்ற பொறியாளர், கிடைவழிக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்புத்தான் தந்தார். அவர் கணக்கில் 24ஐ மூன்றால் வகுத்த 8, செங்குத்து 12, மொத்தம் 20. உள்மூலையில் எஞ்சியது 6. ஆக 30 விழுக்காடு. கோஸ்லாவுக்கு இவ்வளவு அருகில் வருவது இந்த வடிவத்துக்கு அமைந்த பொருத்தம். எல்லா அமைப்பிலும் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் செங்குத்துத் தடுப்பு கிடைத்தளத்தைவிட வலிமையானது என்று லேன் சொன்னது சரி என்பதை இது காட்டுகிறது.

எதை நம்புவது? பிளையின் விதிப்படி கட்டிய, இன்றைய பாகிஸ்தானில் உள்ள மேல் செனாப் கால்வாயின் சைபன்கள் (ஒரு நீரோட்டத்தை மற்றொன்றின் அடியில் கடத்தும் கட்டுமானங்கள்) 1926-27இல் தொல்லை கொடுத்தபோது, தளத்தினூடே குழாய்களைச் செருகி உண்மையான அழுத்தத்தை அளந்தார்கள். அளந்த எண்கள் பிளையின் நேர்கோட்டில் விழவில்லை. அந்த முரணிலிருந்து தொடங்கிய ஆய்வுதான், கோஸ்லாவும் போஸும் டெய்லரும் 1936இல் வெளியிட்ட முறையாக முதிர்ந்தது. கட்டி முடித்த ஒன்றைத் திறந்து பார்த்து, நம்பிய விதியையே கேள்வி கேட்ட அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே தளத்தின் கனத்தைக் கோஸ்லா முறையில் முடிவு செய்யுங்கள். பிளையைக் கைவிட வேண்டாம். முதல் அளவைக் கணிக்க அது போதும். மெல்லிய மணலுக்குப் பிளை கேட்பது ஊர்வழி நீளம் நீர்மட்ட வேறுபாட்டைப்போல் 15 மடங்கு. லேன் கேட்பது 7 மடங்கு. நம் அமைப்பு தருவது முறையே 9, 5. இரண்டிலும் தேறவில்லை. இந்த எச்சரிக்கையை நினைவில் வையுங்கள்; வெளியேறு சரிவுக்கு வரும்போது இதே குறை மீண்டும் தலைகாட்டும்.

அறிகுறி: திருத்தங்களைச் சேர்த்ததும் அழுத்தம் ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது

கோஸ்லாவின் அடிப்படைச் சூத்திரம் கனமே இல்லாத தளத்துக்கும் ஒற்றைப் பைலுக்கும் உரியது. உண்மையான தளத்துக்கு மூன்று திருத்தங்கள் தேவை. அவற்றின் கூட்டல் கழித்தல் குறிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். நீர் வரும் திசையில் நின்று யோசியுங்கள்.

கனத் திருத்தம் எளிது. சூத்திரம் தருவது தளத்தின் மேல்மட்டத்துக்கான மதிப்பு. நமக்கு வேண்டியது அடிமட்டத்துக்கானது. கீழ்நீர்ப் பக்கப் பைலின் உள்முகத்தில் மூலையில் 31.1, கீழ்நுனியில் 21.6 விழுக்காடு. நீர் மேலிருந்து கீழே இறங்கும்போது அழுத்தத்தை இழக்கிறது. மூன்று மீட்டரில் 9.5 குறைந்தால் ஒரு மீட்டரில் 3.2 குறையும். ஆகவே கழிக்கிறோம். மேல்நீர்ப் பக்கப் பைலின் உள்முகத்தில் நீர் நுனியிலிருந்து மேலே ஏறி வருகிறது. தளத்தின் அடிமட்டம் நுனிக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் சற்று மிகுதி, கூட்டுகிறோம்.

பைல்கள் ஒன்றையொன்று பாதிப்பதற்கான திருத்தத்தில் 19 என்ற எண் வருகிறது. பாதிப்பைத் தரும் பைலின் ஆழத்தை இரு பைல்களின் இடைவெளியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, 19ஆல் பெருக்குங்கள். இரு பைல்களின் ஆழங்களையும் கூட்டித் தளத்தின் மொத்த நீளத்தால் வகுத்து, அதனாலும் பெருக்குங்கள். விடை நேராக விழுக்காட்டிலேயே வரும். மீண்டும் நூறால் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆழங்களைத் தளத்தின் அடிமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நம் அமைப்பில் அது 3 அல்ல, 2 மீட்டர். திருத்தம் 0.9 விழுக்காடு. மேல்மட்டத்திலிருந்து 3 என்று எடுத்தால் 1.7 வரும், அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் பக்கத்துப் பிழை அது. மேல்நீர்ப் பக்கத்துப் பைல் நீரைத் தடுத்துத் தனக்குப் பின்னால் வரும் புள்ளிகளின் அழுத்தத்தைத் தணிக்கிறது, அதனால் கழித்தல். கீழ்நீர்ப் பக்கத்துப் பைல் நீரைத் தேக்கித் தனக்கு முன்னுள்ள புள்ளிகளின் அழுத்தத்தை உயர்த்துகிறது, அதனால் கூட்டல்.

ஒரு விலக்கு உண்டு. நடுவிலிருக்கும் பைல் முனைப் பைலைவிடக் குட்டையாகவோ சமமாகவோ இருந்து, முனைப் பைலின் ஆழத்தைப்போல் இரு மடங்குத் தொலைவுக்குள் நின்றால், முனைப் பைல் அதன்மேல் செலுத்தும் பாதிப்புக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.

சரிவுத் தளத்துக்கான திருத்தம் நம் அமைப்பில் இல்லை. உங்கள் தளத்தில் இருந்தால், பாயும் திசையில் இறங்கும் சரிவுக்குக் கூட்டுங்கள், ஏறும் சரிவுக்குக் கழியுங்கள். ஒன்றுக்கு மூன்று சரிவுக்கு 4.5 விழுக்காடு, ஒன்றுக்கு நான்குக்கு 3.3. அதைச் சரிவின் கிடைநீளத்துக்கும் பைல்களின் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். சரிவு தொடங்கும் அல்லது முடியும் இடத்தில் நிற்கும் பைலின் மூலைக்கு மட்டுமே இது உரியது.

நம் மூலைக்கு முடிவு: 31.1 − 3.2 − 0.9 = 27.0 விழுக்காடு. நாலு மீட்டரில் 1.08 மீட்டர்.

அறிகுறி: தளத்தின் கனம் பாதியாக வருகிறது, அல்லது நம்ப முடியாத அளவு பெரிதாக வருகிறது

இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். தளம் உடைவதற்கான கணக்குப் பிழை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

கனம் காண இரண்டு சரியான வழிகள் உண்டு. எஞ்சிய நீர்மட்டத்தைத் தளத்தின் மேல்பரப்பிலிருந்து அளந்தால், ஒப்படர்த்தியிலிருந்து 1 கழித்ததால் வகுக்க வேண்டும்: 1.08 ÷ 1.24 = 0.87 மீட்டர். அடிப்பரப்பிலிருந்து அளந்தால் ஒப்படர்த்தியாலேயே வகுக்க வேண்டும்: (1.08 + 0.87) ÷ 2.24 = 0.87 மீட்டர். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்படி நிற்கவில்லையென்றால் கணக்கில் பிழை.

இப்போது இரண்டையும் கலந்து பாருங்கள். மேல்பரப்பிலிருந்து அளந்த 1.08ஐ 2.24ஆல் வகுத்தால் 0.48 மீட்டர். தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான். தாளில் இந்த எண் மிக இயல்பாகத் தெரியும், அதுதான் கொடுமை. மறுபக்கம், 1 மீட்டர் கனத்துக்கு அடிப்பரப்பிலிருந்து அளந்த 2.08ஐ 1.24ஆல் வகுத்தால் 1.68 மீட்டர் வந்து கான்கிரீட் வீணாகும்.

ஒரே வரியில் சோதிக்கலாம். 1 மீட்டர் தளத்தின் எடை 2.24 மீட்டர் நீரின் எடைக்குச் சமம். அடியிலிருந்து தூக்குவது 2.08 மீட்டர் நீர். எடை வெல்கிறது, ஆனால் நூலிழையில். இந்த ஒப்பீட்டை எழுதாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். கனத்தை மாற்றினால் கனத் திருத்தமும் மாறும் என்பதால் ஒருமுறை சுற்றி வந்து சரிபார்ப்பதும் தேவை.

தேங்கிய நீருக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் இதே குடும்பத்துப் பிழை. வெள்ளம் பாயும்போது சரிவுத் தளம் இறங்கி முடியும் இடத்தில் நீர்த்தாவல் உண்டாகும்; வேகமாகப் பாயும் மெல்லிய நீர் திடீரென்று உயர்ந்து கொந்தளிப்பதே அது. தாவலுக்குச் சற்று முன் நீர்ப்படலம் மிக மெல்லியது. மேலிருந்து அழுத்தும் எடை குறைவு, அடியிலோ அழுத்தம் அப்படியே இருக்கிறது. நீர்ப்படலம் மெலிந்த அந்த இடத்தின் கீழ் வரும் பகுதிக்குச் சில வேளைகளில் இந்த நிலைதான் கனத்தை முடிவு செய்யும்.

அறிகுறி: தளத்தை நீட்டிக்கொண்டே போகிறேன், வெளியேறு சரிவு இறங்க மறுக்கிறது

நீர்மட்ட வேறுபாட்டைக் கீழ்நீர்ப் பக்கப் பைலின் ஆழத்தால் வகுத்து, பை, லாம்டாவின் வர்க்கமூலம் இரண்டையும் பெருக்கிய எண்ணால் மீண்டும் வகுத்தால் வெளியேறு சரிவு. நம் அமைப்பில் 0.199, ஐந்தில் ஒன்று. மெல்லிய மணலுக்குப் பாதுகாப்பான எல்லை ஆறில் ஒன்று முதல் ஏழில் ஒன்று வரை. தேறவில்லை.

தளத்தை 36 மீட்டராக நீட்டினால் ஆறில் ஒன்று. 48 மீட்டராக, அதாவது இரட்டிப்பாக்கினால்தான் ஏறத்தாழ ஏழில் ஒன்று. தளத்தை 24 மீட்டரிலேயே விட்டுப் பைலை மட்டும் 5 மீட்டராக இறக்கினால் 0.148, ஏழில் ஒன்றை நெருங்கிவிட்டது. 24 மீட்டர் கூடுதல் தளம் செய்வதை இரண்டு மீட்டர் ஆழம் செய்துவிடுகிறது. ஆழம் சுழி என்றால் சூத்திரம் முடிவிலியைத் தரும். கீழ்நீர் முனையில் தடுப்பே இல்லாத தளம், எவ்வளவு நீளமானாலும், மணல் மேல் பாதுகாப்பானது அல்ல என்று அதற்குப் பொருள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பைல் ஆழமானதும் உள்மூலையின் அழுத்தம், திருத்தங்களுக்கு முன், 31.1இலிருந்து 39.6 விழுக்காடாக ஏறுகிறது. 1.24 மீட்டராக இருந்தது 1.58 மீட்டர் ஆகிறது. திருத்தங்களுக்கு முந்தைய அந்த எண்களின்படி கனம் 1 மீட்டரிலிருந்து 1.28 மீட்டருக்குப் போகிறது. வெளியேறும் வாயிலைக் குறுக்கினோம், உள்ளே அழுத்தம் ஏறியது. வெளியேறு சரிவைச் சரிசெய்த கையோடு தளக் கனத்தை மறுபடி கணக்கிடாத தாள்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

லேனின் 7 மடங்கையும் எட்ட வேண்டுமானால் மேல்நீர்ப் பக்கப் பைலையும் 5 மீட்டராக்குங்கள்: 8 + 20 = 28, நாலால் வகுத்தால் சரியாக 7.

கீழ்நீர்ப் பக்கப் படுகை அரிக்கப்பட்டால் பைலின் பயனுள்ள ஆழம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். 3 மீட்டர் ஆழத்தில் 1 மீட்டரை வெள்ளம் தின்றுவிட்டால் சரிவு நாலில் ஒன்றாக உயர்ந்துவிடும். வரைபடத்து ஆழத்தை வைத்துப் பழைய கட்டுமானத்தைச் சோதிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இன்றைய படுகை மட்டத்தை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: மண்ணின் ஊடுருவுதிறனை மாற்றினால் அழுத்தமும் மாறுகிறது

எல்லாத் திசையிலும் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுள்ள மண்ணில் அப்படி நடக்கக் கூடாது. ஊடுருவுதிறன், அதாவது மண் நீரைத் தன்னூடே விடும் திறன், பத்து மடங்கானால் கசிவின் அளவு பத்து மடங்காகும்; அழுத்தப் பகிர்வு அசையாது. கணினி மாதிரியில் அசைந்தால், ஏதோ ஓர் அடுக்குக்குப் பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எல்லை நிபந்தனையில் (மாதிரியின் ஓரங்களுக்குத் தரும் மதிப்பில்) நீர்மட்டத்துக்குப் பதிலாகக் கசிவளவைக் கொடுத்திருக்கிறீர்கள்.

படிந்து உருவான மண்ணில் நீர் கிடையாக எளிதாகவும் செங்குத்தாகச் சிரமப்பட்டும் போகும். அங்கே அழுத்தம் மாறுவது நியாயம். பாய்வு வலையை, அதாவது நீர் செல்லும் கோடுகளும் சம மட்டக் கோடுகளும் பின்னிய படத்தை, கையால் வரைபவர்கள் கிடை அளவுகளைச் சுருக்க வேண்டும்: செங்குத்துத் திறனைக் கிடைத்திறனால் வகுத்து எடுத்த வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். கசிவளவுக்கு இரண்டு திறன்களின் பெருக்கலுக்கு வர்க்கமூலம்.

அறிகுறி: கசிவளவு ஆயிரம் மடங்கு பிசகுகிறது

அலகைப் பாருங்கள். நொடிக்கு 1 சென்டிமீட்டர் என்பது நாளுக்கு 864 மீட்டர். ஆய்வகம் நொடிக்கு 0.001 சென்டிமீட்டர் என்று தந்தால் அது நாளுக்கு 0.864 மீட்டர். பாய்வு வலையில் 4 வாய்க்கால்களும் (நீர் செல்லும் கோடுகளின் இடைவெளிகள்) 12 அழுத்தப் படிகளும் (சம மட்டக் கோடுகளின் இடைவெளிகள்) இருந்தால், 4 மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டுக்கு, அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் நாளுக்கு 1.15 கன மீட்டர். கோடுகளை எண்ணாமல் அவற்றின் இடைவெளிகளை எண்ணுங்கள்.

அறிகுறி: கான்கிரீட் அணையில் வடிகால் துளைகள் இருந்தும் நிலைப்புக் கணக்கு பொருந்தவில்லை

1895இல் பிரான்சின் பூசே அணை உடைந்த பிறகுதான், பாறை மேல் நிற்கும் அணைக்கும் மேல்நோக்கு அழுத்தம் உண்டென்பதைப் பொறியாளர்கள் ஊன்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். வழக்கமான விதி: மேல்நீர்ப் பக்க அடியில் முழு நீர்மட்டம், கீழ்நீர்ப் பக்க அடியில் கீழ்நீர்மட்டம், வடிகால் வரிசையில் கீழ்நீர்மட்டத்தோடு இரு மட்டங்களின் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மேலே 30, கீழே 3 மீட்டர் என்றால் வடிகாலில் 3 + 9 = 12 மீட்டர். முப்பதில் மூன்றில் ஒன்று என்று 10 எழுதுவது அடிக்கடி காணும் தவறு. துளைகள் அடைபட்ட நிலையையும் தனியே சோதியுங்கள்; அப்போது முழு நேர்கோடுதான்.

அறிகுறி: பீசோமீட்டர் ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது

முதலில் இரண்டும் ஒரே பொருளைப் பேசுகின்றனவா என்று பாருங்கள். பீசோமீட்டர் என்பது அடிமண்ணின் நீரழுத்தத்தை அளக்கச் செருகிய குழாய்; அதில் நீர் ஏறி நிற்கும் மட்டம் மொத்த உயரம். அது அழுத்தம் அல்ல. தளமட்டம் 100.00 என்றால் மூலையில் நாம் எதிர்பார்ப்பது 101.08. மூன்று மீட்டர் கீழே பைலின் நுனியில் அழுத்தம் 3.86 மீட்டர் நீர், ஆனால் குழாயில் மட்டம் 100.86தான். ஆழத்தில் அழுத்தம் மிகுதி, மட்டம் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒழுங்காக வேலை செய்யும் கருவியைப் பழுதென்று எழுதிவிடுகிறார்கள்.

அளவு உண்மையிலேயே உயர்ந்திருந்தால், கீழ்நீர்ப் பக்க வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது மேல்நீர்ப் பக்கப் பைலின் இணைப்பு பிரிந்திருக்கலாம். எல்லாக் குழாய்களிலும் சீராகக் குறைந்திருந்தால், மேல்நீர்ப் பக்கம் வண்டல் படிந்து நீரைத் தடுக்கிறது. அது நல்லதே, ஆனால் ஒரு வெள்ளத்தில் கரைந்துவிடக் கூடியது. ஒரே ஒரு குழாயில் மட்டம் திடீரென்று விழுந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். அருகில் மண் அரிக்கப்பட்டு நீருக்குச் சுலபமான வழி திறந்திருக்கக்கூடும்.

அறிகுறி: கீழ்நீர்ப் பக்கம் மணல் கொதிக்கிறது

மணலைக் கிளப்பிக்கொண்டு நீர் ஊற்றாகப் பொங்குவதைத்தான் மணல் கொதிப்பது என்கிறோம். இங்கே தாளைக் கீழே வையுங்கள். வரும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணிப்பைக் கூட்டி, அளவைக் குறித்துக்கொண்டே இருங்கள். கலங்கி வந்தால் அடித்தளம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஊற்றைக் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ அடைக்கக் கூடாது; அடைத்த நீர் பக்கத்தில் வேறொரு வழி தேடும், உள்ளே அழுத்தமும் ஏறும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீர் உயர்ந்து நிற்கட்டும். அந்த எதிர்மட்டம் சரிவைத் தணிக்கும். அதன்மேல் கரடுமணல், பிறகு சிறு சரளை, பிறகு பெருஞ்சரளை என்று தலைகீழ் வடிகட்டி போடுங்கள். அது நீரை விடும், மண்ணைப் பிடிக்கும். அதே வேளையில் மேல்நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். நீர் தெளிந்த பிறகு படுகை மட்டத்தை அளந்து, அந்த ஆழத்தோடு வெளியேறு சரிவுக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து போடுங்கள்.